ஏறக்குறைய டாக்டரம்மா

அந்த அம்மாளுக்குப் பல் வைத்தியத்தில் பட்டம் இருந்தது, கைராசி இருந்தது, சொந்தமாக ஒரு கிளினிக்கும் பதினெட்டு மாதம் இருந்தது. கிளினிக்கை இழுத்து மூடும்படி ஆனதற்குக் காரணம் அவருடைய வாய். நோயாளி நாற்காலியில் சாய்ந்தபடி, வலிக்குமா டாக்டர் என்று கேட்பார். ஊரில் மற்ற பல் டாக்டர்கள் எல்லாரும் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுப்பார்கள். இவர் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். "பத்துப் பேர்ல மூணு பேருக்கு நல்லாவே வலிக்கும். நீங்க அந்த மூணுல ஒருத்தரான்னு இப்பவே சொல்ல முடியாது" என்பார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நோயாளி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தார். தடய அறிவியல் ஆய்வகத்தில் வயது நிர்ணயப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாதவர்களையும், இருக்கிற காகிதத்தின்மேல் சந்தேகம் வந்தவர்களையும் கோர்ட்டும் மற்ற அலுவலகங்களும் அங்கே அனுப்பிவைக்கும். பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். யாரும் வலிக்குமா என்று கேட்கமாட்டார்கள் என்பதே டாக்டரம்மாளுக்குப் பெரிய நிம்மதி.

கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறை அவருடையது. தலை வைக்கும் இடத்தில் ரெக்ஸின் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டிய ஒரு நாற்காலி. சுவரோரம் எக்ஸ்ரே இயந்திரம். எடுத்த படத்தை வைத்துப் பார்க்க ஒரு வெளிச்சப் பெட்டி. அதில் இரண்டு குழல் விளக்கில் ஒன்று எப்போதும் கண் சிமிட்டும். அலமாரியில் எண் போட்ட சிறு புட்டிகளில் பற்கள். வாசலுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு.

பெஞ்சின் இடது பக்கம் வயது குறைய வேண்டியவர்கள் உட்காருவார்கள், வலது பக்கம் வயது ஏற வேண்டியவர்கள். இப்படி உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. இடது பக்கத்தார் தலைக்கு மை அடித்து, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து, கூப்பிட்டதும் துள்ளி எழுவார்கள். வலது பக்கத்தார் கூன் போட்டு இருமுவார்கள். அந்த இருமல் திரும்பிப் போகும்போது கேட்டைத் தாண்டினால் நின்றுவிடும். ஒருநாள் இடது பக்கத்துக்காரர் ஒருவர், வலது பக்கத்துக்காரரிடம் எத்தனை வேணும் என்று கேட்டார். மூணு ஏறணும் என்றார் அவர். எனக்கு மூணு குறையணும், நாம ரெண்டு பேரும் உள்ள போகாமலே முடிச்சுக்கலாம் போலிருக்கே என்று இவர் சொல்ல, பெஞ்சே சிரித்தது. சிரித்தபோது எல்லாருடைய பல்லும் தெரிந்தது. டாக்டரம்மாளுக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

மீதி வேலைதான் கஷ்டம். வளர்கிற வயதில் பல் பொய் சொல்லாது. எந்தப் பல் முளைத்திருக்கிறது, வேர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் ஒரு வருஷம் முன்னே பின்னே சொல்லிவிடலாம். கடைசிக் கடைவாய்ப் பல்லும் வேர் முடித்து உட்கார்ந்துவிட்டால், அதன்பிறகு பல்லுக்கும் வயதுக்கும் உள்ள உறவு தூரத்துச் சொந்தம் மாதிரி. சொந்தம்தான், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. பல்லுக்குள் நரம்பு ஓடும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. வருஷம் போகப் போக அதன் சுவர் உள்பக்கமாகத் தடித்து, அறை சுருங்கிக்கொண்டே வரும். கோரைப் பல்லை எக்ஸ்ரே எடுத்து, பல் எவ்வளவு, உள்ளே அறை எவ்வளவு என்று அளந்து கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். அதோடு நாலு வருஷம் கூட்டினால் ஒரு கரை, நாலு வருஷம் கழித்தால் இன்னொரு கரை. ஆள் அநேகமாக அந்த இரண்டு கரைக்கு நடுவில் எங்கேயோ நிற்கிறார். எங்கே என்பது அவரைப் பெற்றவளுக்குத் தெரியும்.

இதை அப்படியே ஒருமுறை கோர்ட்டில் சொன்னார். எத்தனை வயது என்றார் வக்கீல். ஏறக்குறைய நாற்பது என்றார் இவர். ஏறக்குறைய என்றால் என்ன அர்த்தம் என்று வக்கீல் அதட்டினார். "நாலு ஏறலாம், நாலு குறையலாம்" என்று டாக்டரம்மாள் நிதானமாகப் பதில் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு 'ஏறக்குறைய டாக்டரம்மா' என்று பெயர் நிலைத்துவிட்டது. வாசல் காவலாளிகூட வருகிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டினார்.

வீட்டிலும் இந்த உத்தியோகத்தால் சில சங்கடங்கள் உண்டு. உறவுக்காரர்கள் கூடும் இடத்துக்கு இவர் போனால், நாற்பது கடந்த பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு புன்னகை செய்தார்கள். நாத்தனார் ஒருத்தி இருபது வருஷமாக அண்ணி எதிரில் கொட்டாவி விட்டதில்லை. கணவர் தையல்காரர். கல்யாணப் பேச்சின்போது தனக்கும் பெண்ணுக்கும் மூன்று வயது வித்தியாசம் என்று சொல்லியிருந்தார். கல்யாணமான முதல் வாரம், அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாள் பார்த்துவிட்டார். மூன்று இல்லை, ஏழு. எழுப்பவில்லை. போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறக்குறைய என்பதால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கலாம்.

ஆபீசில் அவருக்கு ஒரே சண்டை, படிவத்தோடு. வயது நிர்ணயப் படிவத்தில் 'வயது' என்று போட்டு ஒரே ஒரு கட்டம். இரண்டு எண்தான் அடங்கும். இவர் 34–42 என்று எழுதினால் எண்கள் கட்டத்தை விட்டு வெளியே போய் 'பால்' என்ற இடத்தில் உட்கார்ந்தன. ஆணா பெண்ணா என்ற இடத்தில் 42 என்று இருப்பதாக மேலிடத்திலிருந்து ஒரு படிவம் திரும்பி வந்தது. தலைமை எழுத்தர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, அரசாங்கப் படிவத்தில் யாரும் வேலி தாண்டக்கூடாது என்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. டாக்டரம்மாள் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒரு சின்னக் காகிதத் துண்டில் முதலில் இரண்டு கரையையும், பிறகு பெரும்பாலும் இருக்கக்கூடிய வயதையும் எழுதிப் படிவத்தோடு ஒட்டி அனுப்ப வேண்டியது. சான்றிதழை எழுத்தர் தட்டச்சு செய்துகொள்வார். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. சான்றிதழில் என்ன அச்சாகிறது என்று டாக்டரம்மாள் போய்ப் பார்த்ததில்லை. காகிதத் துண்டில் எல்லாம்தான் இருக்கிறதே.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வக இயக்குநருக்கு அறுபது நெருங்கியது. அறுபது முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஆசிரியர் தன் பிறந்த வருஷத்தைத் தவறாக எழுதிவிட்டார், உண்மையில் தனக்கு ஐம்பத்தைந்துதான் என்று அவர் மேலிடத்துக்கு மனுப் போட்டார். ஐம்பத்தைந்து வருஷமாக அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று மேலிடம் கேட்கவில்லை. வயதைப்பற்றிச் சந்தேகம் இருந்தால் வயது நிர்ணயப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. விதிப்படி இயக்குநரின் கோப்பு, இயக்குநரின் கையெழுத்தோடு, இயக்குநருக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டரம்மாளிடம் வந்தது.

அவரே நேரில் வந்தார். பெஞ்சில் இருந்த பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். உள்ளே வந்ததும் எக்ஸ்ரே உதவியாளரை வெளியே போகச் சொன்னார், கதவைத் தாழ்போடச் சொன்னார், ஜன்னல் திரையை இழுக்கச் சொன்னார். பிறகு திரும்பி நின்றுகொண்டு மேல்வரிசைப் பற்களை மொத்தமாகக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். ஆய்வகத்தில் முப்பது வருஷமாக எல்லாரும் பார்த்து வியந்த பல்வரிசை அது. கீழே எட்டுப் பல் சொந்தப் பல். அதில் இரண்டு கோரைப் பல்.

"இது வெளியே தெரிய வேண்டாம்" என்றார். பல் இல்லாததால் பாதி எழுத்துக் காற்றாகப் போயிற்று. டாக்டரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்படிப்பட்ட வாய்களைத் தினமும் பார்க்கிறவர். எக்ஸ்ரே எடுத்தார், அளந்தார், மூன்று முறை கணக்குப் போட்டார். பெரும்பாலும் அறுபத்தொன்று, ஐம்பத்தேழுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே. இயக்குநர் பல் செட்டை மாட்டிக்கொண்டு குரலையும் திரும்பப் பெற்றார். ஏறக்குறைய என்று எழுதுகிறவர் ஏன் கொஞ்சம் குறைய பக்கமாகவே எழுதக்கூடாது என்று கேட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் சார் அந்த வார்த்தை என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாள் காகிதத் துண்டை ஒட்டினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. இயக்குநருக்கு வயது ஐம்பத்தேழு. இன்னும் மூன்று வருஷம் நாற்காலி உண்டு. ஆபீசே வரிசையில் நின்று கை குலுக்கியது. அறுபது முடிவதற்கு மூன்று மாதம் இருந்தவர், கை குலுக்கி முடிவதற்குள் பார்க்கவே ஐம்பத்தேழு மாதிரி ஆகிவிட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

டாக்டரம்மாள் வரிசையில் நிற்கவில்லை. நேராகத் தலைமை எழுத்தரிடம் போனார். இயக்குநருக்காக எண்ணை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். எழுத்தர் முகம் வாடிவிட்டது. அவர் ஒரு தேநீர்கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காதவர்.

"ஆளுக்கு ஒரு நியாயம் இங்க கிடையாதும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போடுறேன்."

"எப்படிப் போடுறீங்க?"

"கட்டத்துல ரெண்டு எண்தான் போகும். நீங்க ஆறு எண் அனுப்புறீங்க. முதல் ரெண்டை எடுத்துக்குறேன்."

பதினோரு வருஷமாகவா என்று கேட்டார் டாக்டரம்மாள். எழுத்தர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். காகிதத் துண்டுகள் அத்தனையும் வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. சான்றிதழில் ஒட்டுத் துண்டு தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்பதால் பிரித்து வைத்திருக்கிறார். அரசாங்கக் காகிதம் என்பதால் ஒன்றைக்கூட எறியவில்லை. டாக்டரம்மாள் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். தன்னிடம் வந்த நாலாயிரம் பேரும், தான் எழுதியதில் ஆகக் குறைந்த வயதோடு வெளியே நடமாடுகிறார்கள்.

அறைக்குத் திரும்பினால் பெஞ்சின் வலது கோடியில் ஓர் இஸ்திரிக்காரம்மாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். வலது முழங்கையில் பழைய சூடு பட்ட தழும்பு. அவர் இருமவில்லை, கூன் போடவில்லை. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சான்றிதழை நீட்டினார். முதியோர் உதவித்தொகைக்கு அறுபது முடிந்திருக்க வேண்டும், சான்றிதழில் ஐம்பத்தெட்டு என்று இருக்கிறது, இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டார். டாக்டரம்மாள் தன் பழைய பதிவேட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: பெரும்பாலும் அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவே.

"நீங்க உள்ள வந்து உட்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மாள். பல் பார்ப்பதற்காக இல்லை. அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வதற்காக.

அன்று சாயங்காலம் கணவர் தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாள் நடந்ததைச் சொன்னார். அவர் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"நானும் உள்பக்கம் ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைக்கிறேன். எந்த அளவும் அச்சடிச்ச மாதிரி இருக்காது. அதுக்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லையே."

"அந்த ரெண்டு விரல் துணியை ஒருத்தர் வெட்டி எறிஞ்சுட்டா?"

"தையல் பிரியும். போட்டிருக்கிறவன் மானம்தான் போகும், வெட்டினவனுக்கு என்ன?"

மெஷினை நிறுத்திவிட்டு, மேலிடத்துக்கு எழுதப்போறியா என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றார் இவர். அவர் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, எழுது, ஆனா பத்துப் பேர்ல எத்தனை பேர் கோபப்படுவாங்கன்னு இப்பவே கணக்குப் போட்டு வச்சுக்கோ என்றார்.

டாக்டரம்மாள் நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, முறைப்படி இயக்குநர் வழியாக மேலிடத்துக்கு அனுப்பினார். இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்; உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க எழுதுனதுல ஐம்பத்தேழு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். அறுபத்தஞ்சும் இருக்கு."

"அதைப்பத்தி நான் கேட்கலை."

குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஆய்வகத்துக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம் வர வழி பண்ணுவதாகச் சொன்னார். டாக்டரம்மாள் ஒரு நிமிஷம் தடுமாறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய இயந்திரம் அவ்வளவு மோசம். பிறகு வேண்டாம் சார் என்றார். இயக்குநருக்குக் குறிப்பை அமுக்கிவிட ஆசைதான். ஆனால் தலைமை எழுத்தர் அதற்கு ஏற்கெனவே வரிசை எண் போட்டுவிட்டார். வரிசை எண் விழுந்த காகிதத்தை ஆண்டவனாலும் தடுக்க முடியாது.

மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒருவர் சட்ட அதிகாரி, ஒருவர் செயலகத்து அதிகாரி, ஒருவர் அனுபவத்துக்காகச் சேர்க்கப்பட்டவர். அந்த அனுபவஸ்தர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாடிக் கூட்ட அறையில் நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். இயக்குநர் நாற்பது நிமிஷம் அறிவியலின் பெருமையைப் பேசினார். இஸ்திரிக்காரம்மாளையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களுக்கு எத்தனை வயது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று செயலகத்து அதிகாரி கேட்டார்.

"நான் பொறந்ததைப் பார்த்தவங்க யாரும் இப்ப இல்லைங்க. இருந்தா அவங்களைத்தான் கூட்டிட்டு வந்திருப்பேன், பல்லைக் காட்டிட்டு நின்னிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

பிறகு டாக்டரம்மாள் முறை. விஞ்ஞானம் இவ்வளவு முன்னேறியும் ஒரே ஒரு எண்ணைத் தர முடியாதா என்று சட்ட அதிகாரி கேட்டார்.

"தரலாம் சார். தப்பா இருக்கும்."

அனுபவஸ்தர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டாக்டரம்மாள் வெளிச்சப் பெட்டியையே மேலே தூக்கிவரச் செய்து, படங்களை வைத்து விளக்கினார். குழு தலையை ஆட்டியது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். படியிறங்கும்போது டாக்டரம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறு வாரம் கழித்துப் புதுப் படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டம். குறைந்த வயதுக்கு ஒன்று, கூடிய வயதுக்கு ஒன்று. டாக்டரம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட நேரம், அடியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்த குறிப்பைப் படிக்கும்வரைதான். 'இரண்டு எண்களில் அரசுக்கு எது உகந்ததோ அதுவே வயதாகக் கொள்ளப்படும்.'

ஓய்வு கொடுக்க வேண்டியவர்கள் விஷயத்தில் அரசுக்குக் கூடிய வயது உகந்தது. உதவித்தொகை கொடுக்க வேண்டியவர்கள் விஷயத்தில் குறைந்த வயது உகந்தது. ஆக, ஒரே தபாலில் இரண்டு உத்தரவு வந்தது. இயக்குநருக்கு அறுபத்தைந்து. இஸ்திரிக்காரம்மாளுக்கு ஐம்பத்தெட்டு.

இயக்குநர் ஐந்து வருஷம் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் என்று ஆகிவிட்டது. அப்படியானால் ஐந்து வருஷமாக அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவுகள் என்ன ஆவது என்று ஒரு பயம் கிளம்பியது. சட்ட அதிகாரி இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். கையெழுத்துச் செல்லும்; கையெழுத்துப் போட்டவர்தான் செல்லமாட்டார்.

அன்று மத்தியானமே இயக்குநர் அறையைக் காலி செய்தார். கை குலுக்க இந்தத் தடவை வரிசை இல்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, டாக்டரம்மாள் அறை வாசலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் இவர் நினைத்தார்.

"அந்த... மேல் பல் விஷயம். ஃபைல்ல இருக்கா?"

"இல்லை சார். கீழ்ப் பல்லைப்பத்தி மட்டும்தான் எழுதியிருக்கேன்."

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். பிறகு படியேறிப் போனார். டாக்டரம்மாளுக்கு அன்று முழுவதும் மனசு சரியில்லை. அவரை அனுப்ப வேண்டும் என்று அந்த நாலு பக்கத்தை எழுதவில்லை. யாருக்காக எழுதினாரோ, அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் இஸ்திரிக்காரம்மாள் வந்தார், அதே பிளாஸ்டிக் உறையோடு. டாக்டரம்மாள் அவரை உட்காரவைத்து, குழு, கட்டம், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். விஞ்ஞானப்படி இரண்டு கரையும் சரிதான், எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளும் விதம்தான் தப்பு, மறுபடியும் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். இஸ்திரிக்காரம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உறையிலிருந்து சான்றிதழை எடுத்துத் தேதியைக் காட்டினார்.

"டாக்டரம்மா, இதை நீங்க குடுத்து நாலு வருஷம் ஆச்சு. அந்த நாலு வருஷம் எந்தக் கட்டத்துல இருக்கு?"

டாக்டரம்மாள் தேதியை இன்னொரு தடவை படித்தார். இத்தனை படிப்பு, இத்தனை அளவு, நாலு பக்கக் குறிப்பு, மாடியில் ஒரு மணி நேர விளக்கம். இந்தக் கேள்வி அவருக்கும் தோன்றவில்லை, குழுவுக்கும் தோன்றவில்லை, உதவித்தொகை அலுவலகத்துக்குத் தோன்றவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் குறைந்தது ஐம்பத்தெட்டு என்றால் இன்றைக்குக் குறைந்தது அறுபத்திரண்டு. அரசுக்கு எவ்வளவு உகந்ததாக எடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது.

அங்கேயே புதுப் படிவத்தை எடுத்தார். முதல் கட்டத்தில் 62, இரண்டாவது கட்டத்தில் 70. 'பரிசோதிக்கப்பட்ட பல்' என்ற இடத்தில், 'பல் பார்க்கப்படவில்லை. காலண்டர் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமை எழுத்தர் அதை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டார். காலண்டரை ஆதாரமாக எடுக்க விதி இருக்கிறதா என்று தேடினார். எடுக்கக்கூடாது என்றும் விதி இல்லை. வயது ஏறுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் எங்கேயும் சொல்லவில்லை. கட்டத்தில் எண் வேலி தாண்டாமல் இருந்தது. மூன்றாம் நாள் முத்திரை குத்தினார். குத்திவிட்டு, யாரும் கேட்காமலே செருப்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு டாக்டரம்மாள் அறைக்கு வந்தார்.

"நான் போட்டதுதானே எல்லாம். நானே எடுத்துத் தர்றேன்" என்றார்.

இருவரும் மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில், துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். உதவித்தொகைக்காக வந்து, சின்ன எண்ணால் திரும்பிப்போன முந்நூற்றுச் சொச்சம் பேரில், காலண்டர்படி இப்போது அறுபது கடந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேருக்கும் கடிதம் போனது. நாற்பத்தெட்டு கடிதம் ஆள் காலமாகிவிட்டார் என்று எழுதித் திரும்பி வந்தது. எழுத்தர் அந்த நாற்பத்தெட்டையும் தனியாக நூல் போட்டுக் கட்டினார். எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

புது இயக்குநர் வந்ததும் முதல் வேலையாக, அனுமதி இல்லாமல் காலண்டரை உபயோகித்ததற்கு விளக்கம் கேட்டு டாக்டரம்மாளுக்கு ஓர் ஓலை அனுப்பினார். டாக்டரம்மாள் விளக்கம் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்தபிறகு மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு மாநாட்டில் புது இயக்குநர் கட்டுரை வாசித்தார். 'காலம் கழிவதால் வயது கூடுதல்: ஒரு புதிய அணுகுமுறை' என்பது தலைப்பு. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வருஷத்துக்கு ஒன்று வீதம் கூடுகிறது என்று நிரூபித்தார். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் எழுந்து, இதில் பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கேட்டார். பிழையே கிடையாது என்று இயக்குநர் பெருமையோடு சொன்னார். அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாளும் தட்டினார். இருபது வருஷத்தில் அந்த ஆய்வகம் சொன்ன எண்களிலேயே அவர் முழுசாக ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

இஸ்திரிக்காரம்மாளுக்கு உதவித்தொகை வர ஆரம்பித்துவிட்டது. நன்றி சொல்ல என்று அவர் தனியாக வரவில்லை. டாக்டரம்மாள்தான் இப்போது வாரத்துக்கு ஒருமுறை தன் வெள்ளைக் கோட்டுகளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போகிறார். கடையை மூடவில்லையா என்று முதல் தடவை கேட்டார். சும்மா உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்றார் அந்த அம்மாள். சட்டை, பேன்ட், கோட்டு எல்லாம் முன்போலவே தேய்த்துக் கொடுக்கிறார். படுக்கை விரிப்பும் ஜன்னல் திரையும் மட்டும் இனி வாங்குவதில்லையாம். கையை மேலே தூக்கி உதற முடியவில்லை என்று சொன்னார்.